வெங்காயக் குடோனுக்குச் சோதனையா, காவலா?

நேரம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் யூனிட் டெஸ்ட் எழுதுவதா, ஓடும்போது பார்த்துக்கொள்ளும் காவல் வைப்பதா என்று கேட்டிருந்தீர்கள். போனில் சொல்லப் பார்த்தேன். பேச்சு எனக்கு வராது. அதனால் எழுதுகிறேன். எட்டாவதோடு நின்றவன் நான். எழுத்தில் பிழை இருந்தால் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தில் இருந்தால் கேளுங்கள்.

கம்பெனிக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் எல்லாரும் படித்தவர்கள். இருந்தாலும் எனக்குப் புரிந்த மாதிரி ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். யூனிட் டெஸ்ட் என்பது ப்ரோகிராமைச் சின்னச் சின்னத் துண்டாகப் பிரித்து, ஆபீஸில் வைத்தே ஒவ்வொரு துண்டையும் கேள்வி கேட்பது. இந்த எண்ணைக் கொடுத்தால் இந்தப் பதில் வருகிறதா? வந்தால் பச்சை. வராவிட்டால் சிவப்பு. காவல் வேறு. மெஷின் களத்தில் ஓடிக்கொண்டிருக்கும். அதன் பக்கத்திலேயே இன்னொரு சின்ன ப்ரோகிராம் உட்கார்ந்து, நடக்கக்கூடாதது ஏதாவது நடக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். நடந்தால் நம்மைக் கூப்பிடும். படித்தவர்கள் இதை ரன்டைம் வெரிஃபிகேஷன் என்கிறார்கள். நம் ஆபீஸில் காவல் என்று பேர் வைத்தது மேடம்.

மேடத்தை உங்களில் யாரும் பார்த்ததில்லை.

நான் வேப்பந்தட்டையில் மோட்டார் காயில் கட்டிக்கொண்டிருந்தவன். பெரம்பலூரில் இந்தக் கம்பெனி ஆரம்பித்தபோது பேனல் போர்டுக்கு வயரிங் செய்யக் கூப்பிட்டார்கள். பிறகு, மெஷின் வைத்த இடத்தில் உட்கார்ந்து பார்க்க ஓர் ஆள் வேண்டும் என்றார்கள். உட்கார எனக்கு வரும். வூட்டில் காத்திருக்க ஆளும் இல்லை. அப்படித்தான் டெஸ்டர் ஆனேன்.

மேடம் அரியலூர். பாலிடெக்னிக்கில் பாடம் எடுத்தவர். அதை விட்டுவிட்டு நம்மிடம் ப்ரோகிராம் எழுத வந்தார். கணவர் காலமாகிவிட்டார். ஒரே மகள், கோயம்புத்தூரில். காலையில் பஸ்ஸில் வருவார், சாயங்காலம் பஸ்ஸில் போவார். என் வயதுதான் இருக்கும். வந்த முதல் நாள், "சார், அந்த ஸ்குரூ டிரைவரை எடுங்க" என்றார். நான் திரும்பிப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தேன்.

"உங்களத்தான் சார். செவுத்தையா கூப்புடுவேன்?"

அதற்கு முன் என்னை யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை.

பாடாலூர் பக்கம் விவசாயிகள் சிலர் சேர்ந்து சின்ன வெங்காயத்துக்கு ஒரு குடோன் கட்டினார்கள். அதில் பாதிக்கு மேல் விதை வெங்காயம். அடுத்த பட்டத்துக்கு நட வேண்டியது. அழுகினால் அந்த வருஷம் நடவு இல்லை. வேலை கேட்க எளிதாக இருக்கும். உள்ளே ஒரு சென்சார், வெளியே ஒரு சென்சார். உள்ளே ஈரம் அதிகமாகி, வெளிக்காற்று அதைவிடக் காய்ந்திருந்தால் ஷட்டரைத் திறந்து பேனைப் போட வேண்டும். இல்லாவிட்டால் இரண்டையும் மூட வேண்டும். அவ்வளவுதான்.

அந்தச் சமயத்தில் மேடத்தின் மகளுக்குக் குழந்தை பிறந்திருந்தது. மகள் வேலைக்குத் திரும்ப வேண்டும். அம்மா வந்தால்தான் முடியும் என்றாள். மேடம் முதலாளியிடம் சொல்லிவிட்டார்.

"போவத்தான் போறேன் தம்பி. ஆனா இந்தக் குடோனை முடிச்சுக் குடுத்துட்டுத்தான் போவேன். நான் இல்லாட்டியும் இது ஓடணும். அதுவரைக்கும் இருக்கேன்."

முதலாளி எங்களைவிடச் சின்னவர். அவருக்கு அவசரம்.

"மேடம், அறுவடை வந்துருச்சு. டெஸ்ட்டு, காவல் ரெண்டும் எழுத நாள் கெடையாது. எது மொதல்ல?"

"டெஸ்ட்டு" என்றார் மேடம். "துண்டு சரியில்லாம முழுசு எப்படி சரியாவும்? டெஸ்ட்டு இருந்தா நாளைக்கு யார் கைவெச்சு எதை ஒடைச்சாலும் ஒடனே காட்டிக் குடுத்துரும். நான் வந்து நிக்க வேண்டியதில்ல."

"அண்ணே, நீங்கதான அங்க உக்காரப் போறீங்க. நீங்க சொல்லுங்க."

"காவல்."

"ஏண்ணே?"

"என்ன வரும்னு நமக்குத் தெரியாது. தெரியாதத எப்படி டெஸ்ட்டா எழுதுறது?"

மேடம் என்னைத் திரும்பிப் பார்த்தார். "இவ்ளோ பேசிட்டீங்களே சார். இன்னைக்கு மழை உண்டு."

நான் சொன்ன காரணம் உண்மையானது. இன்றும் அதையே சொல்வேன். உங்களுக்குப் பழகிய வேலையாக இருந்தால், தப்பு எங்கெங்கே வரும் என்று தெரிந்திருந்தால், டெஸ்ட்தான் முதலில். கேள்வி கையில் இருக்கிறது, கேட்டுவிட வேண்டியதுதான். முதல் தடவை போகிற இடம், மனுஷன் புழங்குகிற இடம், மழை வெயில் படுகிற இடம் என்றால் கேள்வியே நம்மிடம் இருக்காது. அங்கே காவல்தான் முதலில். வெங்காயக் குடோன் எங்களுக்கு அதுதான் முதல்.

காரணம் உண்மை. அது ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். டெஸ்ட் எழுதி முடித்தால் முடிந்தது. காவல் அப்படி இல்லை. வைத்த விதி சரியா என்று ஒரு பருவம் முழுக்கப் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். மேடம் இருக்க வேண்டும்.

மேடம் என் பேச்சை ஏற்றுக்கொண்டார். ஏன் என்று கேட்டதில்லை.

காவலுக்கு விதி எழுதும்போது ஒரு சண்டை வந்தது. தப்பு கண்டுபிடித்தால் காவல் என்ன செய்ய வேண்டும்? மெஷினை நிறுத்தட்டும் என்றார் முதலாளி. மேடம் முடியாது என்றார். "அதுக்குக் கண்ணு ரெண்டுதான் தம்பி. உள்ள ஒண்ணு, வெளிய ஒண்ணு. அத வெச்சு மொத்தத்தையும் நிறுத்துற அதிகாரம் குடுக்கக் கூடாது. கூப்புடட்டும். மனுஷன் போய்ப் பாக்கட்டும்." நீங்கள் காவல் வைக்கும்போது இதைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும். சத்தம் போடுவதா, கையை வைப்பதா? கையை வைக்கிற காவல் தப்பு செய்தால் அதைப் பார்க்க இன்னொரு காவல் வேண்டியிருக்கும்.

மேடம் வைத்த விதிகளில் ஒன்று இது: பேன் ஓடிக்கொண்டே இருந்தும் உள்ளே ஈரம் குறையவில்லை என்றால் கூப்பிடு. பார்க்கச் சாதாரணமாக இருக்கும்.

அந்தப் பருவத்தில் மேடம் முக்கால்வாசி நாள் பாடாலூருக்கே வந்துவிட்டார். பேனல் போர்டுக்குப் பக்கத்தில் இரண்டு பிளாஸ்டிக் சேர். ஒன்றில் மேடம், மடியில் லேப்டாப். இன்னொன்றில் நான். வெளியே ஹைவேயில் லாரி போகும் சத்தம். உள்ளே பொம்பளைகள் உட்கார்ந்து வெங்காயத் தாள் அறுப்பார்கள். அறுத்துக்கொண்டே பேசுவார்கள். மேடமும் நானும் பேசாமல் உட்கார்ந்திருப்போம். மதியம் டிபன் பாக்ஸ் மூடியில் பாதிச் சோற்றை வைத்து என் பக்கம் தள்ளுவார். வேண்டாம் என்று சொன்னதில்லை நான். நன்றி என்றும் சொன்னதில்லை.

ஒரு நாள் சொன்னார்: "நேத்து பஸ்ல என் பக்கத்துல யாருமே உக்காரல சார். வெங்காய வாடை. அரியலூர் வரைக்கும் நல்லா காத்து வாங்கிக்கிட்டே போனேன்."

"சோப்பு போட்டாலும் போவாது" என்றேன்.

"போவ வேணாம் விடுங்க."

ஒரு சாயங்காலம் மேடம் சீக்கிரமே கிளம்பிவிட்டார். பொம்பளைகளும் மழை இருட்டுகிறது என்று வூட்டுக்குப் போய்விட்டார்கள். நான் ஹைவே ஓரத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். மழை பிடித்தது. போன் அடித்தது. காவல். பேன் ஓடுகிறது, ஈரம் குறையவில்லை.

ஓடினேன். உள்ளே சென்சார் காட்டிய ஈரம் உச்சத்தில் நின்றது. வெளியே மழை. வெளிச் சென்சாரும் ஈரம்தான் காட்டியது, ஆனால் உள்ளே உள்ளதைவிடக் கொஞ்சம் கம்மி. அதனால் ப்ரோகிராம் கணக்குப்படி ஷட்டரைத் திறந்து பேனைப் போட்டிருக்கிறது. மழைக்காற்று அப்படியே விதை வெங்காயத்துக்குள் போய்க்கொண்டிருந்தது.

மேடத்துக்குப் போன் போட்டேன். பஸ்ஸில் இருந்தார். கண்டக்டர் சத்தம் கேட்டது.

"சொல்லுங்க சார்."

"கூப்புட்டுது. பேனை நிறுத்தவா?"

"அவசரப்படாதீங்க. உள்ள ஈரம் நெசந்தானா?"

"தெரியல."

"கூரை ஒழுவி நெசமாவே ஈரம் ஏறியிருந்தா, நிறுத்துனா வேர்த்து அழுவிரும். சென்சார் பொய் சொன்னா, ஓட விட்டா அழுவிரும். ரெண்டுல எதுன்னு இங்கேருந்து எனக்குத் தெரியாது. வெங்காயத்துக்குள்ள கைய விடுங்க சார்."

விட்டேன்.

"ஓரத்துல பாக்காதீங்க. நடுவுல. அடிவரைக்கும்."

வெங்காயம் பரப்பியிருந்த மூங்கில் தட்டியில் ஏறி, முழங்கை மறைகிற வரை விட்டேன்.

"எப்படி இருக்கு?"

"காஞ்சிருக்கு. சருகு சலசலங்குது."

"வேற எடத்துல பாருங்க. லைன்ல இருங்க. பேசிக்கிட்டே இருங்க, நீங்க பாட்டுக்கு ஊமையா நின்னா எனக்கு இங்க ஒண்ணும் தெரியாது."

பேசினேன். எந்தத் தட்டியில் நிற்கிறேன், கூரை எங்காவது ஒழுகுகிறதா, கையில் என்ன படுகிறது, வாடை எப்படி இருக்கிறது, எல்லாம் சொன்னேன். நான் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அன்றுதான். மேடம் நடுவில் "ம்" மட்டும் சொன்னார்.

"சரி. பேனை நிறுத்துங்க."

நிறுத்தினேன். பேன் நின்றது. ஷட்டர் மூடவில்லை. சாரல் உள்ளே அடித்தது.

"ஷட்டர் மூடல மேடம்."

"கையால நிறுத்துனா மூடணுமே... அய்யோ, அந்த எடத்துல தப்பா எழுதியிருக்கேன் சார். கையால இழுத்து விடுங்க."

ஒவ்வொரு ஷட்டராக இழுத்து மூடினேன். சட்டை நனைந்துவிட்டது. வெங்காயம் நனையவில்லை. அதன் பிறகுதான் உள்ளே சென்சார் மாட்டிய கம்பத்தைப் பார்த்தேன். சென்சார் மேல் ஓர் ஈரத் துண்டு சுற்றியிருந்தது.

மறுநாள் காலை முதலாளி கொதித்துக்கொண்டிருந்தார். தாள் அறுக்கும் பொம்பளைகளில் பச்சையம்மாதான் மூத்தவர். அவர் கொஞ்சமும் அசரவில்லை.

"தம்பி, மழை பேஞ்சு விட்டா அந்த பேன் ஓடுது. வெயில் கொளுத்துனா நின்னுபோவுது. எங்களுக்கு வேர்க்கறது மழையிலயா வெயில்லயா, நீயே சொல்லு."

"அதுக்குன்னு?"

"அதான் நேத்து நீங்க யாரும் இல்லாதப்ப அதுக்கு மழையக் காட்டுனோம். துண்ட நனைச்சு சுத்துனா ஓடிருச்சு. சமத்து எந்திரம். நேத்து மழை அவசரத்துல துண்ட மறந்துட்டுப் போயிட்டோம், அது ஒண்ணுதான் தப்பு."

மேடம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். முதலாளி சென்சாரைச் சுற்றி வேலி போடச் சொன்னார். மேடம் கேட்கவில்லை. "வேலி போட்டா வேற வழி கண்டுபிடிப்பாங்க தம்பி. அவங்களுக்குக் காத்து வேணும், அவ்ளோதான்." அன்றைக்கே பொம்பளைகள் உட்கார்கிற இடத்துக்குத் தனியாக ஒரு பேனும் ஒரு சுவிட்சும் போட்டேன். அதன் பிறகு யாரும் அந்தக் கம்பத்தைத் தொடவில்லை.

பொம்பளைகள் போன பிறகு மேடம் சேரில் உட்கார்ந்தார்.

"நீங்க சொன்னதுதான் சார். ஈரத்துண்டுக்கு நான் எந்த ஜென்மத்துல டெஸ்ட்டு எழுதியிருப்பேன்? ப்ரோகிராம் கரெக்டா ஓடுச்சு. அதான் கொடுமை."

"ஷட்டரு?"

"அதுக்கு நான் சொன்னதுதான். பத்து வரி டெஸ்ட்டு இருந்தா ஆபீஸ்லயே சிவப்பு வந்துருக்கும். நீங்க நனைஞ்சிருக்க வேணாம்."

இரண்டு பேரும் சரி. உங்கள் கேள்விக்கு என்னிடம் இருக்கிற பதில் இதில்தான் இருக்கிறது. நாம் யோசித்ததில் உள்ள தப்பை டெஸ்ட் பிடிக்கும். நாம் யோசிக்காததைக் காவல் பிடிக்கும். காவலை மட்டும் நம்பினால், அது கூப்பிட்டு நாம் ஓடிப் போய் நிற்கும்போது ஷட்டர் மூடாது. டெஸ்ட்டை மட்டும் நம்பினால், எல்லாம் பச்சையாக இருக்கும்போதே வெங்காயம் அழுகும். ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால், எது தெரியும் எது தெரியாது என்று முதலில் உங்களையே கேளுங்கள். கொஞ்சம் கூச்சமாக இருக்கும். இருந்தாலும் கேளுங்கள்.

அந்த வருஷம் விதை வெங்காயம் நன்றாக வந்தது. விவசாயிகள் வண்டி வைத்து ஏற்றிக்கொண்டு போனார்கள். குடோன் காலியானது. மேடம் ஆபீஸுக்குத் திரும்பி டெஸ்ட் எழுத உட்கார்ந்தார். அது முடிந்தால் கோயம்புத்தூர்.

நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். என்னவெல்லாம் நடக்கலாம் என்று நான் சொல்ல வேண்டும். அவர் அதை டெஸ்ட்டாக எழுதுவார். கரண்ட் போய்த் திரும்ப வந்தால்? எழுதினார். சென்சார் வயர் அறுந்தால்? எழுதினார். உள்ளேயும் வெளியேயும் ஒரே ஈரம் காட்டினால்? "நல்ல கேள்வி சார்" என்று எழுதினார். அதில் ஒரு தப்பு அகப்பட்டது. அதைத் திருத்த நாள் பிடித்தது. அந்த நாட்கள் எனக்கு நன்றாக இருந்தன.

நான் சொல்லச் சொல்ல அவர் போவது தள்ளிப்போனது. சொல்வதற்கு இருந்தது குறைந்துகொண்டே வந்தது.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு வரை கூட நடப்பேன். என் வழி அது இல்லை. அவருக்கும் தெரியும். அரியலூர் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தால் கையைக் காட்டுவார். கிடைக்காவிட்டால் ஆட்களுக்கு நடுவே தெரிய மாட்டார். பஸ் திரும்பும் வரை நின்றுவிட்டு வருவேன்.

ஒரு நாள் மத்தியானம் கடைசி டெஸ்ட்டை எழுதிவிட்டு என்னைக் கேட்டார்.

"வேற ஏதாச்சும் இருக்கா சார்?"

ஒன்று இருந்தது. மோட்டார் கட்டியவனுக்கு அது தெரியும். நம் ஊர் லைனில் மூன்று பேஸ் கரண்டில் அடிக்கடி ஒரு பேஸ் போய்விடும். பேன் சுற்றாது, முனகிக்கொண்டு நிற்கும். ப்ரோகிராம், பேன் ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டிருக்கும். சொன்னால் மேடம் எழுதுவார். லைன் மாதிரி ஒன்று, மோட்டார் மாதிரி ஒன்று என்று ஆபீஸிலேயே பொய்யாகச் செய்து வைத்து எழுத வேண்டும். அதற்கு வாரக்கணக்கில் ஆகும்.

யோசித்தேன். அது டெஸ்ட்டுக்கு உரியது இல்லை. பொய் மோட்டாரிடம் கேள்வி கேட்டால் நாம் சொல்லிக் கொடுத்த பதிலைத்தான் அது சொல்லும். பேன் ஓடியும் ஈரம் குறையவில்லை என்றால் கூப்பிடு என்று மேடம் வைத்த விதி இருக்கிறது. நிஜமாக நடந்தால் அது கூப்பிடும். யாராவது போய்ப் பார்ப்பார்கள்.

"ஒண்ணு இருக்கு மேடம்" என்றேன். விஷயத்தைச் சொன்னேன். "ஆனா அது டெஸ்ட்டுல வராது. காவல் பாத்துக்கும்."

மேடம் என் பக்கம் திரும்பினார். கீபோர்டில் கை அப்படியே இருந்தது.

"நீங்க சொன்னா எழுதுறேன் சார். கஷ்டமில்ல. மகளுக்குப் போன் பண்ணி அடுத்த மாசம்னு சொல்லிரலாம்."

ஆபீஸில் எங்களைத் தவிர யாரும் இல்லை. கீழே பஸ் ஹாரன் அடித்தது.

"வேணாங்க மேடம். தேவையில்லாத டெஸ்ட்டு."

"நல்லா யோசிச்சுட்டீங்களா?"

"யோசிச்சுட்டேன்."

"சரிங்க" என்றார். ஸ்கிரீனை என் பக்கம் திருப்பி வைத்தார். "அப்ப நீங்களே ஓட்டுங்க."

பட்டனை அழுத்தினேன். மேலிருந்து ஒவ்வொன்றாக வர ஆரம்பித்தது. பச்சை. பச்சை. மேடம் ஸ்கிரீனைப் பார்க்கவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ டெஸ்ட் ஓட்டியிருக்கிறேன். ஒன்றாவது சிவப்பாக வரட்டும் என்று உட்கார்ந்து பார்த்தது அன்று மட்டும்தான்.

வரவில்லை. மேடம் நன்றாக எழுதியிருந்தார்.